டிக்கெட் ரெண்டு பேருக்கு, வேலையும் ரெண்டு பேருக்கு

திருப்பூர், அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம்னு நம்ம பின்னலாடை வட்டாரத்துல உழைச்சு ஓய்வு பெற்றவங்களுக்கும், சீக்கிரம் ஓய்வு பெறப் போறவங்களுக்கும்தான் இந்தப் பேச்சு. தனி ஆளுக்கு இல்லை, கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் சேர்த்து. முடிஞ்சா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து படிங்க. ஓய்வுக்குப் பிறகு ரெண்டு பேரும் ஊர் சுத்தக் கிளம்பறப்போ எப்படி ஒத்துப்போறது, போற இடத்துல பொழுதை எப்படி வச்சுக்கறது, அதுக்குக் கையில இருக்கற போன் எப்படித் துணையா இருக்கும்ங்கறதுதான் விஷயம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பனியன் கம்பெனி வாழ்க்கை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்கு வீடு. ஒன்றரை ஷிப்டு. ஷிப்மென்ட் நெருங்கிட்டா அதுவும் கணக்கில்லை. அவரு ஒரு கம்பெனில கட்டிங், அவங்க இன்னொரு கம்பெனில செக்கிங். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் ரெண்டு பேரும் ஒரே வீட்ல முழுசா இருக்கற நாள். வாரத்துக்கு ஒரு நாள்னா வருசத்துக்கு 52 நாள். முப்பது வருசத்துக்கு 1,560 நாள். அதாவது நாலே கால் வருசம். முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருந்தாலும், பகல் முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டு இருந்தது நாலே கால் வருசம்தான். அந்த ஞாயித்துக்கிழமையிலும் பாதி நாள் துணி துவைக்கறதுல போயிருக்கும்.

இப்ப பத்து நாள் பயணம் கிளம்பறீங்க. பத்து ஞாயித்துக்கிழமை இடைவெளியே இல்லாம வரிசையா வந்த மாதிரி அது. ஒரே சீட், ஒரே ரூம், ஒரே பை. மூணாம் நாள் சண்டை வந்தா அது உங்க குணக்கேடு இல்லை, பழக்கம் இல்லாததுதான். பழக்கத்தை ஏற்படுத்திக்க முடியும்.

கேரவன்ல இருந்து ஒரு பாடம்

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஷூட்டிங் இடத்துல நடிகருக்கு நிக்கற வண்டிதான் ஞாபகம் வரும். ஆனா அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் அது மாதிரி ஒரு வண்டியில மாசக்கணக்குல ஊர் ஊராப் போய் வாழறாங்க. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. நம்ம பக்கத்து மாநிலம் கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனித் திட்டமே அறிவிச்சது.

அந்த வண்டி வாழ்க்கையில இடம் ரொம்பக் குறைவு. கோவிச்சுக்கிட்டுப் போய் உட்கார இன்னொரு ரூம் கிடையாது. அதனால வேலையைப் பிரிச்சுக்காம அங்க ஓட்ட முடியாது. வண்டியை ரிவர்ஸ் எடுக்கறப்போ ஒருத்தர் ஸ்டியரிங் பிடிச்சா இன்னொருத்தர் இறங்கி வழி சொல்லணும். ஒருத்தர் தண்ணி நிரப்பினா இன்னொருத்தர் சமைக்கணும். ஒருத்தரே எல்லாம் செஞ்சா அவருக்கு எரிச்சல், சும்மா உட்கார்ந்து வர்றவருக்கு சலிப்பு.

நீங்க ரயில்ல போனாலும், அரசுப் பஸ்ல போனாலும், சொந்தக் கார்ல போனாலும் இதேதான். நம்ம வீடுகள்ல பெரும்பாலும் எப்படி நடக்குதுன்னு பாருங்க. டிக்கெட் போடறது, ரூம் எடுக்கறது, பணம் கட்டறது எல்லாம் ஒருத்தர். துணி மடிச்சு வைக்கறது, மாத்திரை எடுத்துத் தர்றது, சாப்பாடு கட்டறது எல்லாம் இன்னொருத்தர். முதலாமவர் "எல்லாத்தையும் நானே பார்க்கணுமா?"ன்னு கத்துவார். ரெண்டாமவர் "எங்க போறோம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"ன்னு கேப்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்.

பயணத்துல ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும். அதோட ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஓவர்லாக் ஓட்டறவங்க லீவு போட்டா லைனே நிக்கும்னு நமக்குத் தெரியும். பேட்லாக் ஓட்டறவங்களுக்கு ஓவர்லாக்கும் தெரிஞ்சிருந்தா லைன் நிக்காது. குடும்பமும் அதே மாதிரிதான்.

டீக்கடைத் தம்பதி ஒண்ணு

கொச்சி காந்தி நகர்ல ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்னு ஒரு சின்ன டீக்கடை. அதை நடத்தினவங்க விஜயன், மோகனா தம்பதி. பத்திரிகைல, டிவில நீங்களும் பார்த்திருப்பீங்க. கடை வருமானத்துல தினம் 300 ரூபாய் எடுத்து வச்சு, பத்தாததுக்குக் கடன் வாங்கி வெளிநாடு போவாங்க. திரும்பி வந்து அதே கடைல நின்னு கடனை அடைப்பாங்க. அடைஞ்சதும் அடுத்த நாடு. 2007-ல தொடங்கி 26 நாடு பார்த்தாங்க. 2021 அக்டோபர்ல ரஷ்யா போய்ட்டு வந்தாங்க. அதுக்கு அடுத்த மாசமே விஜயன் காலமானார்.

எல்லாரும் அவங்க கடன் வாங்கிப் போன தைரியத்தைப் பத்திப் பேசினாங்க. கடன் வாங்கி ஊர் சுத்துங்கன்னு நான் சொல்லலை. எனக்குப் பட்டது வேற. அவங்க ரெண்டு பேரும் ஒரே கடைல பக்கத்துல பக்கத்துல நின்னு வேலை செஞ்சவங்க. ஒருத்தர் கை எப்படிப் போகும்னு இன்னொருத்தருக்குத் தெரியும். பகல் பூரா சேர்ந்து இருக்கற பழக்கம் அவங்களுக்குக் கடையிலயே வந்தாச்சு. நமக்கு ஆளுக்கொரு கம்பெனிங்கறதால அந்தப் பழக்கம் வாய்க்கலை. அதனால நாம வெள்ளோட்டம் விட்டுப் பழகணும்.

முதல்ல ரெண்டு ராத்திரி

எடுத்த எடுப்புல காசி வேண்டாம். முதல்ல ஒரு பகல். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கு. பறவைகள் சரணாலயமா அறிவிச்சு, 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட பட்டியல் அது. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டே நம்மள்ல பல பேர் அதைப் பார்த்ததில்லை. காலைல போய் மத்தியானம் வந்துடலாம்.

அடுத்தது ரெண்டு ராத்திரி. உடுமலைல தங்கி, ஒரு நாள் திருமூர்த்தி மலை, பஞ்சலிங்க அருவி, ஒரு நாள் அமராவதி அணையும் முதலைப் பண்ணையும். செலவும் குறைவு, பிடிக்கலைன்னா மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம். அந்த ரெண்டு நாள்ல நாலு விஷயத்தைப் பழகிப் பாருங்க.

ஒண்ணு, ஆளுக்கு ஒரு நாள் பொறுப்பு. இன்னைக்கு அம்மா சொல்றதுதான். எத்தனை மணிக்குக் கிளம்பறது, எங்க சாப்பிடறது, எந்தப் பஸ்ல போறது எல்லாம் அவங்க முடிவு. நாளைக்கு அய்யா. பொறுப்பு இல்லாதவர் ராத்திரி வரைக்கும் குறை சொல்லக் கூடாது. "நான் அப்பவே சொன்னேன்"ங்கற வார்த்தையை வீட்லயே வச்சுட்டு வாங்க. தப்பான பஸ்ல ஏறிட்டாக் கூட பரவாயில்லைங்க, நம்மளுக்கு எட்டரை மணி சங்கு ஊதப் போறதில்லை.

ரெண்டு, ஆளுக்குத் தனியா கைச்செலவுப் பணம். பொதுச் செலவுக்கு ஒரு கணக்கு. அது போக ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்குக் கொஞ்சம் பணம். அதுல அவங்க வளையல் வாங்கினாலும், இவர் நாலு டீ அதிகமாக் குடிச்சாலும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பயணத்துல வர்ற சண்டைல பெரிய பங்கு இந்த சின்னத் தொகையாலதான் வருது.

மூணு, தினம் ரெண்டு மணி நேரம் தனியா. அவர் தூங்கட்டும், அவங்க கோயில் பிரகாரத்துல உட்காரட்டும். அவங்களுக்குக் கால் வலின்னா ரூம்ல இருக்கட்டும், அவர் மட்டும் ஒரு நடை போய்ட்டு வரட்டும். சேர்ந்து வந்திருக்கோம்ங்கறதுக்காக நிமிஷம் தவறாம ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ரெண்டு மணி நேரம் பிரிஞ்சு இருந்துட்டு வந்தாத்தான் ராத்திரி சாப்பிடறப்போ சொல்றதுக்கு ஆளுக்கொரு சேதி இருக்கும்.

நாலு, வேகம் குறைவானவர் வேகம்தான் பயணத்தோட வேகம். படிக்கட்டு ஏறறதாகட்டும், கழிவறைக்கு வண்டியை நிறுத்தறதாகட்டும், முடியாதவர் வாய் திறந்து கேட்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. நம்ம பக்கம் பெண்கள் நிறையப் பேர் கழிவறை கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணி குடிக்காமலே வர்றாங்க. அது உடம்புக்குக் கெடுதல். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தறதுன்னு கிளம்பும்போதே பேசிக்குங்க.

ரெண்டு ராத்திரி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், எது பிடிச்சது, எது பிடிக்கலைன்னு ஆளுக்கு மூணு விஷயம் சொல்லுங்க. அதை வச்சு அடுத்த பயணத்தைப் போடுங்க.

சும்மா இருக்கத் தெரியாத கை

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சிக்கல். முப்பது நாப்பது வருசம் ஓடின கை. பிசிறு வெட்டிட்டே இருந்த கை, சும்மா மடில வச்சா தவிக்கும். மூணு கோயில், ரெண்டு அருவி பார்த்ததும் "ஊருக்குப் போலாமுங்க"ன்னு மனசு சொல்லும். அதனால பயணத்துக்கு ஒரு வேலையை வச்சுக்குங்க. நம்ம தொழிலே அதுக்கு வழி காட்டுது.

துணி வழியாவே ஊர் பாருங்க. சென்னிமலைல கைத்தறிப் போர்வை. அது திருப்பூர் குமரன் பிறந்த ஊரும் கூட. பவானில ஜமுக்காளம், மதுரைல சுங்குடிச் சேலை, காஞ்சிபுரத்துல பட்டு. பவானி ஜமுக்காளம், மதுரை சுங்குடி, காஞ்சிப் பட்டு மூணுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. வெளி மாநிலம்னா காசில பனாரஸ் பட்டு நெய்யற தெருக்கள். வடக்கே லூதியானா போனா நம்ம மாதிரியே பின்னலாடை ஊர், ஆனா அங்க கம்பளி ஸ்வெட்டர். சாதாரணமா வர்ற சுற்றுலாப் பயணி ஒரு சேலையைப் பார்த்து "அழகா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். நீங்க நூலைத் தடவிப் பார்த்தே என்ன கவுண்ட்டுன்னு சொல்லுவீங்க. தறி ஓட்டறவரு உங்களை உட்கார வச்சுப் பேசுவார். ஒருத்தர் கேள்வி கேளுங்க, இன்னொருத்தர் போட்டோ எடுங்க. ராத்திரி ரூம்ல போன்ல மைக்கைத் தொட்டுத் தமிழ்ல பேசினா அதுவே எழுத்தா மாத்திக்கும். அன்னன்னைக்குப் பார்த்ததை அப்படிச் சேர்த்து வைங்க. பேரப் பிள்ளைங்களுக்கு அதுதான் நல்ல பரிசு.

இன்னொண்ணு இருக்கு. உங்களோட வேலை செஞ்சவங்களைப் போய்ப் பாருங்க. திருப்பூருக்குத் தேனில இருந்து, மதுரைல இருந்து, விருதுநகர்ல இருந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து எல்லாம் குடும்பம் குடும்பமா வந்தாங்க. பின்னாடி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து பசங்க வந்தாங்க. அதுல நிறையப் பேர் சொந்த ஊருக்குத் திரும்பிட்டாங்க. பதினஞ்சு வருசம் பக்கத்து மிஷின்ல இருந்த அக்கா இப்ப போடிப் பக்கத்துல ஏதோ ஒரு ஊர்ல இருப்பாங்க. நம்பர் இருக்கும், பேசி வருசமாகியிருக்கும். "இந்தப் பக்கம் வர்றோமுங்க"ன்னு ஒரு போன் போடுங்க. காதர்பேட்டைல நாலு டசன் பனியன் வாங்கிப் பையில போட்டுக்குங்க. அவங்க வீட்டுத் திண்ணைல உட்கார்ந்து பேசற ஒரு மணி நேரம் எந்த மலை வாசஸ்தலத்துலயும் கிடைக்காது. உங்க வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ கம்பெனில எப்படிப்பட்ட ஆளுன்னு அங்கதான் முதல் தடவையாக் காதுல விழும்.

ரெண்டு போன், ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வேலை

இப்ப போனுக்கு வருவோம். பல வீட்ல போன் ரெண்டு இருக்கு, ஆனா பணம் அனுப்பறது, டிக்கெட் எடுக்கறது எல்லாம் ஒரே போன்லதான். அந்தப் போன் தொலைஞ்சாலோ, அந்த ஆள் ஆஸ்பத்திரில படுத்தாலோ, மொழி தெரியாத ஊர்ல இன்னொருத்தர் கை முறிஞ்ச மாதிரி நிக்கணும். அதனால கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இதெல்லாம் செஞ்சு முடிச்சிடுங்க.

ரயில் டிக்கெட்: ரெண்டு பேருக்கும் தனித்தனி ஐஆர்சிடிசி கணக்கு வச்சுக்குங்க. ஆதாரோட இணைச்சிடுங்க. 2025 ஜூலையில இருந்து தட்கல் டிக்கெட்டை ஆன்லைன்ல எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேணும். முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, 120 நாள்ங்கறது பழைய கதை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்தினாங்க. ஆனா கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கு. ஆண்களுக்கு 60 வயசு, பெண்களுக்கு 45 வயசு. தனியாப் போனாலோ, அந்த வயசுள்ள ரெண்டு பேர் மட்டும் ஒரே டிக்கெட்ல போனாலோதான் அந்த ஒதுக்கீட்டுல கேட்க முடியும். மகன், மருமகள், பேரன்னு எல்லாரையும் ஒரே டிக்கெட்ல போட்டா கீழ் பெர்த் கிடைக்கற வாய்ப்பு குறைஞ்சு போகும். தம்பதிக்குத் தனி டிக்கெட் போடறது நல்லது.

ஆவணங்கள்: டிஜிலாக்கர் ரெண்டு போன்லயும் இருக்கட்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்சி எல்லாம் அதுல எடுத்துக் காட்டலாம். டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை ரெண்டையும் போட்டோ எடுத்து, அவரோடதை அவங்க போன்லயும், அவங்களோடதை அவர் போன்லயும் வைங்க. ஒருத்தருக்கு மயக்கம் வந்தா டாக்டர் கேக்கப் போறது இன்னொருத்தர்கிட்டதான்.

மாத்திரை: மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கறவங்க, எத்தனை நாள் ஊர்ல இருக்க மாட்டீங்கன்னு தன்னார்வலர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. மாத்திரையை ஒரே பையில வைக்காம ரெண்டு பையிலயும் பிரிச்சு வைங்க. 70 வயசு நிறைஞ்சவங்களுக்கு வருமான வரம்பு பார்க்காம ஆயுஷ்மான் திட்டத்துல 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு 2024 அக்டோபர்ல இருந்து இருக்கு. உங்க கையில இருக்கற காப்பீட்டு அட்டை எதுவா இருந்தாலும், போற ஊர்ல எந்த ஆஸ்பத்திரில செல்லும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்குங்க.

ஓய்வூதியம்: பி.எஃப். ஓய்வூதியம் வாங்கறவங்க உயிர்வாழ்வுச் சான்றுக்காகப் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டாம். போன்லயே ஜீவன் பிரமாண் செயலியில முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியருக்குக் கொடுத்த நாள்ல இருந்து ஒரு வருசம் செல்லும். அரசு ஓய்வூதியம் வாங்கறவங்க உங்களுக்கு எந்த மாசம்னு கருவூலத்துல கேட்டுக்குங்க.

பணம்: ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கூட்டுக் கணக்கு, இருவரில் யார் வேணும்னாலும் எடுக்கற மாதிரி. அந்தக் கணக்குல பயணச் செலவு மட்டும் இருக்கட்டும். மொத்தச் சேமிப்பையும் போன்ல இணைச்ச கணக்குல வச்சுக்கிட்டு ஊர் சுத்தாதீங்க. ரூம் புக் பண்றேன்னு யாராவது ஓடிபி கேட்டா அது மோசடி. தவறிப் போய் பணம் போயிட்டா அந்த நிமிஷமே 1930-க்கு அழைங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு மீட்க வாய்ப்பு. "உன்னாலதான் போச்சு"ங்கற பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

சொந்த வண்டில போறவங்களுக்கு

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி உரிமம் எப்ப முடியுதுன்னு பாருங்க. 40 வயசுக்கு மேல புதுப்பிக்க மருத்துவச் சான்று வேணும். 55 வயசு தாண்டிட்டா அஞ்சு அஞ்சு வருசத்துக்குத்தான் புதுப்பிப்பாங்க. வேனை வாங்கிப் படுக்கை, அடுப்பு வச்சு கேரவன் மாதிரி மாத்தற ஆசை இருந்தா, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல அனுமதி வாங்கி ஆர்சில பதிஞ்ச பிறகுதான் மாத்தணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்லுது. அனுமதி இல்லாம மாத்தினா விபத்து நடந்தப்போ இன்சூரன்ஸ்லயும் சிக்கல் வரும்.

தேசிய நெடுஞ்சாலைல அதிகம் போறவங்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இருக்கு. 2025 ஆகஸ்ட் 15-ல அறிமுகமானப்போ 3,000 ரூபாய். ஒரு வருசம் அல்லது 200 தடவை, எது முன்னாடி வருதோ அது வரைக்கும். சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான்.

கேஸ் அடுப்பு விஷயத்துல ரொம்பக் கவனமா இருங்க. 2023 ஆகஸ்ட்ல மதுரைல நின்னுட்டு இருந்த சுற்றுலா ரயில் பெட்டில தீப்பிடிச்சு ஒன்பது பேர் இறந்தாங்க. பெட்டிக்குள்ள விதியை மீறி கேஸ் சிலிண்டர் வச்சிருந்தாங்க. ரயில்ல சிலிண்டர், மண்ணெண்ணெய் எதையும் கொண்டு போகவே கூடாது. வெளில காபி நல்லா இருக்காதுங்கறதுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாமுங்க.

தமிழ்நாட்டுக்குள்ள சாலை விபத்துல யாராவது அடிபட்டா, இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்துல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலும் அரசே சிகிச்சைச் செலவை ஏத்துக்குது. பக்கத்துல இருக்கறவர் பணத்துக்கு யோசிச்சு நேரத்தைத் தள்ளாம 108-க்கு அழைக்கணும்.

அரசு வழியாப் போற பயணங்கள்

கையில அதிகப் பணம் இல்லைன்னா பயணமே இல்லைன்னு நினைக்காதீங்க. இந்து சமய அறநிலையத் துறை, 60-ல இருந்து 70 வயசு வரை உள்ள மூத்த குடிமக்களை ராமேசுவரம் – காசி பயணத்துக்கும், அறுபடை வீடு பயணத்துக்கும் கட்டணம் இல்லாமக் கூட்டிட்டுப் போயிருக்கு. அறிவிப்பு வர்றப்போ துறையோட இணையதளத்துலயோ இணை ஆணையர் அலுவலகத்துலயோ விண்ணப்பிக்கணும். வருமான வரம்பு, கடைசித் தேதி எல்லாம் அந்தந்த அறிவிப்புல இருக்கும். கிறிஸ்தவர்கள் ஜெருசலேம் போக அரசு நிதியுதவி தனியா இருக்கு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பேக்கேஜ் சுற்றுலா நடத்துது, ஊர் ஊருக்கு ஓட்டல் தமிழ்நாடு இருக்கு, ரெண்டையும் ஆன்லைன்ல பதிவு பண்ணலாம். குழுவாப் போற பயணத்துல ஒரு நன்மை: தம்பதிக்குப் பேச இன்னும் நாலு பேர் கிடைப்பாங்க. எல்லாப் பேச்சையும் ஒருத்தர்கிட்டயே பேசித் தீர்க்க வேண்டிய பாரம் குறையும்.

ரெண்டு போன்லயும் இந்த எண்களைப் பதிஞ்சு வைங்க:

112 – எந்த அவசரத்துக்கும்
108 – ஆம்புலன்ஸ்
139 – ரயில் உதவி
1930 – இணையவழிப் பண மோசடி
1363 – சுற்றுலாப் பயணிகள் உதவி
14567 – மூத்த குடிமக்கள் உதவி

தமிழ்நாடு காவல்துறையோட காவல் உதவி செயலியையும் ஏத்தி வைங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்

கடைசியா ஒரு விஷயம். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும். கணவன் மனைவில யாராவது ஒருத்தர் ஒரு நாள் தனியா இருக்க வேண்டி வரும். அது நம்ம கையில இல்லை. ஆனா அந்த ஒருத்தர் பஸ் ஏறத் தெரியாம, பேங்க்ல கேக்கத் தெரியாம, சோறு வைக்கத் தெரியாம நிக்கறதா, இல்லை மெல்லத் தேறி நடக்கறதாங்கறது இப்ப நம்ம கையில இருக்கு.

பயணம் அதைக் கத்துக்கொடுக்கற நல்ல இடம். வீட்ல "நீ விடு, நான் பார்த்துக்கறேன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவோம். அது பாசமாத்தான் தெரியும். ஆனா அந்தப் பாசம் இன்னொருத்தரைக் கத்துக்க விடாது. வெளியூர்ல மெதுவா, அவசரம் இல்லாம, கூட ஒரு ஆள் துணைக்கு நிக்கறப்பவே அவங்க முதல் தடவையா ஓட்டல் கவுண்ட்டர்ல பேசட்டும். அவர் முதல் தடவையா மாத்திரையை வேளை பார்த்துப் பிரிச்சு வைக்கட்டும். தப்பு நடந்தா சிரிச்சுக்கலாம். கூட இருக்கறப்போ கத்துக்கிட்டது, கூட இல்லாதப்போ கை கொடுக்கும்.

அதனால இன்னைக்கு ராத்திரியே ஒண்ணு செய்யுங்க. சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் போனை எடுத்து வச்சு உட்காருங்க. இதுவரைக்கும் டிக்கெட் எடுக்காதவர் கையாலயே உடுமலைக்கோ பழனிக்கோ ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க. எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, போனைப் பிடுங்காதீங்க. டிக்கெட் எடுக்கத் தெரிஞ்சவர் அந்த நேரத்துல எந்திரிச்சுப் போய் ரெண்டு பேருக்கும் காபி போடட்டும்.

நல்லபடியாப் போய்ட்டு வாங்க.